இறகு எந்த ஊர் மழையைச் சொல்லும்?

அடையாற்று முகத்துவாரத்தில் பறவை பார்த்துக்கொண்டு நிற்பவரிடம் வழியே போகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதெல்லாம் எங்கேயிருந்து வருது?" "சைபீரியா" என்று சொல்லிவிட்டு அவரும் மறுபடி தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொள்வார். பதிலில் தப்பில்லை. ஆனால் யூரல் மலையில் தொடங்கிப் பசிபிக் கரைவரை போகும் நிலத்துக்கு அது பெயர். இந்தியாவைப் போல மூன்று நான்கு நாடுகளை அதற்குள் போட்டு மூடிவிடலாம். அந்தப் பதிலைக் கொஞ்சமாவது சுருக்க முடியுமா? பறவையின் இறகிலிருந்து ஒரு நறுக்கை வெட்டி, அதிலுள்ள ஹைட்ரஜனை எடைபோட்டு, அது முளைத்த ஊரைச் சொல்லலாம் என்று சுமார் முப்பது ஆண்டுகளாக ஒரு முறை புழக்கத்தில் இருக்கிறது. அது எந்த அளவுக்கு நம்பத்தக்கது, நம் ஊருக்கு எந்த அளவுக்கு ஒத்துவரும் என்பதைப் பார்க்கலாம்.

ராஜா அண்ணாமலைபுரத்தின் ஓரத்தில் அடையாற்றின் கழி ஒன்று குயிபிள் தீவைச் சுற்றிக்கொண்டு உள்ளே வருகிறது. அங்கே பாழாய்க் கிடந்த 58 ஏக்கரைச் சீர்செய்து, தொல்காப்பியப் பூங்கா என்று பெயரிட்டு 2011-இல் திறந்தார்கள். பூங்காவுக்குள் வக்காவும் மடையானும் மீன்கொத்தியும் ஆண்டு முழுக்க இருக்கும். கீழே, உடைந்த பாலத்தை ஒட்டிய சேற்றுத் திட்டுகளில்தான் விருந்தாளிகள். ஆகஸ்டு வாக்கில் வளர்ந்த உள்ளான்கள் முதலில் வந்து இறங்கும். அந்தக் கோடையில் பிறந்த இளசுகள் செப்டம்பருக்குப் பிறகு, பெரியவர்கள் துணையில்லாமல், தனியாக வரும். கொசு உள்ளான் என்கிற குட்டிப் பறவையின் எடை 25 கிராம்தான். 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கையாளர் சங்கத்துக்காரர்களும், வி. சாந்தாராம் போன்ற பறவையியலாளர்களும் இந்த முகத்துவாரத்தில் எந்தப் பறவை, எந்த மாதம், எத்தனை என்று பல்லாண்டுகளாகக் குறித்து வந்திருக்கிறார்கள். சென்னையின் இயற்கை வரலாற்றுக்கு அந்தக் குறிப்புகள் பெரிய சொத்து. ஆனால் எத்தனை நல்ல தொலைநோக்கியானாலும் ஒரு கொசு உள்ளானின் பிறந்த ஊரைக் காட்டித் தராது.

ஊரைச் சொல்லும் பழைய வழி, காலில் வளையம் போடுவது. சாலிம் அலியின் முயற்சியால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-இல் பெரிய அளவில் இதைத் தொடங்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரை அதன் முக்கியமான களங்களில் ஒன்றாயிற்று. "பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கவும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்த சின்ன உலோக வளையம். அதில் ஓர் எண். வளையம் போட்ட பறவை மறுபடி யார் கையிலாவது சிக்க வேண்டும், சிக்கினவருக்குக் கடிதம் போடத் தோன்ற வேண்டும். இந்த இரண்டும் கூடி வருவது அபூர்வம். சின்னப் பறவைகளில் திரும்பத் தகவல் வந்தவை மிகச் சொற்பம். ஆள் நடமாட்டமே இல்லாத வடதுருவத் தூந்திரப் பகுதியில் செத்து விழுகிற பறவையின் வளையத்தை யார் எடுத்துப் படிக்கப் போகிறார்கள்? வளையத் தகவல்கள் பறவைகள் இருக்கும் இடத்தைக் காட்டுவதைவிட மனிதர்கள் இருக்கும் இடத்தைத்தான் அதிகம் காட்டுகின்றன.

புதிய வழி, முதுகில் ஒரு கருவியைக் கட்டி விண்கோள் மூலம் தொடர்வது. 2013-இல் நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில் மூன்று அமூர் வல்லூறுகளுக்கு நாகா, வோக்கா, பாங்டி என்று பெயர் வைத்துக் கருவி பொருத்திவிட்டார்கள். அவை இந்தியாவைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போனதை நாடே வேடிக்கை பார்த்தது. அந்தக் கருவியின் எடை 5 கிராம். பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. 150 கிராம் வல்லூறுக்கு அது ஏறக்குறையச் சரியாகப் போயிற்று. 25 கிராம் கொசு உள்ளானுக்கு முக்கால் கிராமுக்கு மேல் தாங்காது. விலையும் சேர்ந்துகொள்வதால் ஒரு இனத்தில் பத்துப் பன்னிரண்டு பறவைக்கு மேல் கட்டுவது கஷ்டம்.

இறகு முறையின் கவர்ச்சி இங்கேதான். வளையமோ கருவியோ இல்லாமலே ஒவ்வொரு பறவையும் தன் அடையாளத்தைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. ஒரு தடவை பிடித்தால் போதும், இரண்டாம் முறை சிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அடிப்படை எளிது. ஹைட்ரஜனில் சாதாரண வகை, அதைப்போல இரு மடங்கு கனமுள்ள டியூட்டீரியம் என்று இரண்டு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. கதிர்வீச்சு கிடையாது, சிதைவு கிடையாது, எத்தனை நூற்றாண்டு ஆனாலும் அப்படியே இருக்கும். கடல் நீரில் பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுக்களை எண்ணினால் சுமார் 156 டியூட்டீரியமாக இருக்கும். கடல் ஆவியாகி மேகமாகும்போது கனமான நீர் சற்றுத் தயங்கும். மேகம் மழையாகும்போது கனமான நீர் முந்திக்கொண்டு இறங்கிவிடும். அதனால் கடலோரத்தில் பெய்யும் மழையில் டியூட்டீரியம் அதிகம். மேகம் உள்நாட்டுக்குள் போகப்போக, மலை ஏற ஏற, குளிர்ப் பிரதேசத்தை நெருங்க நெருங்க, மிச்சமிருக்கும் நீர் இலேசாகிக்கொண்டே போகும். கடல் நீரைப் பூஜ்யம் என்று வைத்து, அதிலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு குறைவு என்று கணக்கிடுவார்கள். சைபீரியாவின் உட்பகுதிக்குப் போனால் மழையின் அளவு −100-ஐத் தாண்டிக் கீழே இறங்கும். உலகம் முழுக்க மழைநீரைப் பிடித்து இந்த அளவைப் பதியும் வேலையைச் சர்வதேச அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் சேர்ந்து 1961-இல் தொடங்கின. நீர்வள ஆய்வுக்காகத் தொடங்கிய வேலை அது. பறவைக்காரர்களுக்கு அந்தத் தகவல் ஓசியில் கிடைத்தது.

மழையைச் செடி குடிக்கிறது. செடியைப் புழு தின்கிறது. புழுவைப் பறவை தின்கிறது. அந்தப் பறவையின் இறகு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, நம் நகத்தைப் போல. இறகு வளர்ந்து முடிந்ததும் அதற்கு இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. அதன் பிறகு பறவை எத்தனை நாடு கடந்தாலும் எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் இறகின் உட்பொருள் மாறாது. மழையின் அளவும் இறகின் அளவும் ஒன்றல்ல. பூச்சி தின்னும் சின்னப் பறவைகளில் இறகின் அளவு மழையைவிடச் சுமார் 25 முதல் 30 வரை குறைவாக இருப்பதை வட அமெரிக்காவில் கண்டார்கள். ஆனாலும் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கின. 1997-இல் ஒரே ஆய்விதழில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்றை எழுதியது சேம்பர்லினும் அவருடைய சகாக்களும். இன்னொன்றை எழுதியவர்கள் கனடாவைச் சேர்ந்த கீத் ஹாப்சனும் லியனார்ட் வாசனாரும். இந்தத் துறை அங்கிருந்துதான் பிறந்தது. மறு ஆண்டே ஹாப்சனும் வாசனாரும் மெக்சிகோவில் குளிர்காலத்தைக் கழிக்கும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் அமெரிக்காவின் எந்தப் பகுதிகளில் பிறந்தவை என்று இதே முறையில் காட்டிவிட்டார்கள். ஒரு பூச்சியின் சிறகிலேயே இத்தனை செய்தி இருந்ததும் பலருக்கு ஆசை வந்துவிட்டது.

ஆசைக்குத் தீனி போட்ட வெற்றிகள் மூன்றைச் சொல்லலாம். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கிளம்பிய விமானம் ஒன்று வாத்துக் கூட்டத்தில் மோதி, இரண்டு எஞ்சினும் நின்று, ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள். எஞ்சினில் ஒட்டியிருந்த இறகுத் துணுக்குகளை ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் ஆராய்ந்தபோது, அவை நியூயார்க்கிலேயே வாழும் கனடா வாத்துகள் அல்ல, வடக்கே லாப்ரடார் பகுதியிலிருந்து வலசை வந்தவை என்று ஹைட்ரஜன் சொல்லிற்று. நிர்வாகத்துக்கு இது முக்கியமான வித்தியாசம். உள்ளூர் வாத்தென்றால் விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டுப்படுத்தலாம், வலசை வாத்தை அப்படிச் செய்ய முடியாது. நம் மீனம்பாக்கத்தில் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் கட்டிப் போகிறது. அங்கே மோதும் பறவைகளைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

இரண்டாவது, ஐரோப்பாவில் அருகிவரும் நீர்க்கதிர்க்குருவி. அது குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவில் எங்கே தங்குகிறது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. ஆப்பிரிக்காவில் முளைத்த இறகுகளை ஐரோப்பாவில் பறவை கூடு கட்டும்போது எடுத்து ஆராய்ந்தார்கள். அது தேடலை மேற்கு ஆப்பிரிக்காவில் சகாராவுக்குச் சற்றுத் தெற்கே ஒரு பட்டைக்குச் சுருக்கிற்று. 2007-இல் செனகலின் ஜூஜ் சதுப்பு நிலத்தில் குருவிகளைக் கண்டுபிடித்தார்கள். மூன்றாவது கொஞ்சம் கசப்பானது. மெல்லலகுக் கோட்டானின் கூட்டை ஓம்ஸ்க் அருகே தாரா பக்கத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்த்ததோடு சரி, பிறகு யாரும் பார்க்கவில்லை. அருங்காட்சியகங்களில் இருந்த பழைய தோல்களில், இளம் பறவைகளின் இறகை நறுக்கி ஆராய்ந்தார்கள். 2018-இல் வந்த முடிவு, வடக்குக் கஜகஸ்தானின் புல்வெளியையும் அதை ஒட்டிய ருஷ்யப் பகுதியையும் சுட்டியது. அதற்குள் பறவையே இல்லாமல் போயிருந்தது. 1995-இல் மொராக்கோவில் பார்த்ததுதான் உறுதியான கடைசித் தகவல். எல்லோரும் தப்பான இடத்தில் தேடினார்கள் என்பதை இறகு தாமதமாகச் சொன்னது. எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இருக்கும் பழைய பறவைத் தோல்களை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாள், இடம் குறித்த சீட்டு ஒட்டியிருக்கும் தோல் ஒவ்வொன்றும் திறக்காத ஆவணம்.

வெற்றிகளைப் பார்த்து அப்படியே நம் முகத்துவாரத்துக்குக் கொண்டுவந்துவிட முடியாது. இறகு சொல்வது பறவை வந்த ஊரை அல்ல, இறகு முளைத்த ஊரை. வீடு மாறிப் பத்து வருஷம் ஆனபின்னும் ரேஷன் கார்டில் பழைய முகவரியே இருப்பதுபோல. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் எழுதிய முடிவுகள் இந்தத் துறையில் ஏராளம். எனக்கு இதுதான் மொத்த விஷயத்தின் முடிச்சாகப் படுகிறது. எத்தனை விலை உயர்ந்த இயந்திரமும் இந்த முடிச்சை அவிழ்க்காது. பறவையைக் கையில் பிடித்து, எந்த இறகு எப்போது உதிர்ந்து எப்போது முளைத்தது என்று பார்க்கத் தெரிந்தவர்கள்தான் அவிழ்க்க வேண்டும்.

அடையாற்றுச் சேற்றில் நிற்கும் ஒரு வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்வோம். முழு வளர்ச்சி பெற்ற பறவை, தன் பறக்கும் இறகுகளைப் பெரும்பாலும் குளிர்காலத் தங்குமிடத்தில்தான் மாற்றுகிறது. ஜனவரியில் அதைப் பிடித்துச் சிறகின் புது இறகை நறுக்கினால் விடை 'சென்னை' அல்லது 'கோடியக்கரை' என்று வரும். கூடு கட்டிய ஊரைப் பற்றி ஒரு வார்த்தை வராது. சில பறவைகள் வடக்கே ஒன்றிரண்டு இறகை மாற்றிவிட்டு, நிறுத்திவைத்து, இங்கே வந்து மீதியைத் தொடரும். அப்போது ஒரே சிறகில் அடுத்தடுத்த இறகுகள் இரண்டு நாட்டைச் சொல்லும். இளம் பறவை அப்படியல்ல. அதன் பறக்கும் இறகுகள் தூந்திரத்தில், பனி உருகிய நீரில் பிறந்த கொசுவையும் ஈயையும் தின்று முளைத்தவை. அவை நேர்மையான சாட்சி. ஆனால் கொசு உள்ளான் போன்ற சில இனங்களில் இளசுகளே முதல் குளிர்காலத்தின் பிற்பகுதியில் சிறகை மாற்றத் தொடங்கிவிடும். ஆகவே அக்டோபர், நவம்பரிலேயே எடுத்துவிட வேண்டும், பொங்கலுக்குப் பிறகு எடுத்த மாதிரியை நம்பக் கூடாது.

வளர்ந்த தகைவிலானின் கதை இளம் உள்ளானுக்கு நேர் எதிர். மின்கம்பியில் வரிசையாக உட்காரும் இந்தக் குருவி குளிர்காலத் தங்குமிடத்தில்தான் சிறகை மாற்றும். அக்டோபரில் சென்னையில் பிடித்த வளர்ந்த தகைவிலானின் தேய்ந்துபோன பழைய இறகு, போன குளிர்காலத்தை அது எங்கே கழித்தது என்று சொல்லும். போன வருஷமும் இதே மயிலாப்பூர்க் கம்பியில் உட்கார்ந்ததாகக்கூட இருக்கலாம். வளர்ந்த தகைவிலானின் இறகை வைத்து அது கூடு கட்டும் ஊரைத் தேடுவது வீண். அதே இறகை ருஷ்யாவில் கூட்டின் வாசலில் எடுத்தால் அதன் குளிர்கால ஊரைப் பற்றிப் பேசும்.

இறகோடு நகம், இரத்தம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. இரத்தத்தின் பிளாஸ்மா கடந்த சில நாட்களையும், சிவப்பணு சில வாரங்களையும், நகம் சில மாதங்களையும் சொல்லும். இறகு எந்த நாளில் முளைத்ததோ அந்த நாளை மட்டும் சொல்லும்.

முடிச்சின் இரண்டாவது பாதி மழை. இறகைப் படிக்க மழையின் வரைபடம் வேண்டும். வட அமெரிக்காவில் அது ஒழுங்காக, தென்கிழக்கிலிருந்து வடமேற்காகக் கோடு கோடாகக் குறைந்துகொண்டே போகும். முறை அங்கே பிறந்ததற்கும் அங்கேயே நன்றாக வேலை செய்வதற்கும் அந்த அதிர்ஷ்டம் ஒரு காரணம். ஆசியாவில் வடக்கு தெற்கைவிடக் கிழக்கு மேற்கு வித்தியாசம் சில இடங்களில் தெளிவாகத் தெரியும். சைபீரியாவில் கிழக்கே போகப்போக அளவு இறங்கும் என்பதால், மேற்குச் சைபீரியப் பறவையையும் யாகூதியாப் பறவையையும் பிரித்துச் சொல்ல வாய்ப்புண்டு. அந்த வரைபடமும் ஊரின் பெயரைத் தராது. இந்த அகலமான பட்டைக்குள் எங்கேயாவது இருக்கலாம், இந்த நிகழ்தகவோடு, என்றுதான் தரும். செய்தித்தாள்களில் 'இறகு காட்டிக் கொடுத்தது' என்று தலைப்பு வரும்போது இந்தப் பட்டையின் அகலத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவுக்குள் வந்தால் சிக்கல் கூடுகிறது. வெப்ப மண்டலத்தில் தூரத்தைவிட மழையின் கனம்தான் அளவைத் தீர்மானிக்கிறது. கொட்டித் தீர்க்கும் மழையில் டியூட்டீரியம் குறைவு, தூறலில் அதிகம். தென்மேற்குப் பருவமழைக்கு ஓர் அளவு, வடகிழக்குப் பருவமழைக்கு வேறு அளவு. தென்னிந்தியாவில் வடகிழக்கு மழை தென்மேற்கைவிட இலேசாக இருக்கும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்யும் சென்னையில், 'ஆண்டு சராசரி' என்று ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு பறவையோடு பொருத்துவது அபத்தம். ஒரே ஏரிக்கரையில் ஆகஸ்டில் முளைத்த இறகும் டிசம்பரில் முளைத்த இறகும் வேறு வேறு ஊர்போலத் தெரியலாம். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் முன்னின்று நாடு முழுக்க நீரின் ஐசோடோப்பு அளவுகளைச் சேர்க்கும் திட்டத்தை நடத்தியது. நிலத்தடி நீரையும் பருவமழையையும் புரிந்துகொள்ளத்தான் அது. பறவை ஆய்வாளர்கள் அந்தத் தகவலோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

உதாரணமாக ஆறுமணிக்குருவி. அக்டோபரில் களைத்துப்போய்ச் சென்னை வீடுகளின் பால்கனியிலும் ஜன்னல் கண்ணாடியிலும் வந்து விழும், ஒன்பது நிறக் குட்டிப் பறவை. பிரம்மஞான சபைத் தோட்டத்திலும் கிண்டியிலும் சில மாதம் தங்கும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டுகிறது. சென்னைக்கு வருவது எந்த ஊர்க்காரன்? வங்கக் கடலிலிருந்து கங்கைச் சமவெளி வழியே மேகம் டெல்லியை நோக்கிப் போகும்போது மழை படிப்படியாக இலேசாவதைக் கண்டிருக்கிறார்கள். கோட்பாட்டளவில் கிழக்குப் பறவையையும் மேற்குப் பறவையையும் பிரிக்கலாம். ஆனால் ஓர் ஆண்டு மழை கொட்டி, மறு ஆண்டு பொய்த்தால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். அந்தந்த ஆண்டின் மழையளவும், கூட்டிலேயே எடுத்த குஞ்சின் இறகும் கையில் இல்லாமல் இதில் இறங்குவது ஊகத்துக்கு எண்களால் சட்டை போட்டு விடுவதாகும்.

கடல் இன்னொரு தொந்தரவு. முகத்துவாரத்தில் கடற்புழுவைத் தின்று முளைத்த இறகில் ஹைட்ரஜன் கடலின் அளவை ஒட்டியே இருக்கும். மழையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கக் கந்தகம் உதவும், கடல் உணவின் கந்தக ஐசோடோப்பு அளவு நிலத்து உணவைவிட மிகவும் உயர்ந்தது. கார்பனும் துணைக்கு வரும். நெல், கோதுமை, பெரும்பாலான மரங்கள் ஒரு வகை, சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு இன்னொரு வகை. முதல் வகையின் அளவு சுமார் −27, இரண்டாவது சுமார் −13. இடைவெளி பெரிது, குழம்ப வழியில்லை. மத்திய ஆசியாவிலிருந்து தென் மாவட்டங்களின் சோளக்காட்டில் வந்து இறங்கும் சூறைக்குருவி இங்கே வளர்க்கும் இறகில் அந்தச் சோளத்தின் தடம் இருக்க வேண்டும்.

இனி ஆய்வகம். இறகை முதலில் குளோரோபார்மும் மெத்தனாலும் கலந்த கரைசலில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவார்கள். உலர்ந்ததும் கத்தரிக்கோலால் ஓரத்து இழையைத் துளி வெட்டி, சுமார் 0.35 மில்லிகிராம் எடைபோட்டு, வெள்ளியால் செய்த மிகச் சின்னக் குப்பியில் வைத்து மடிப்பார்கள். மூச்சு வேகமாக விட்டால் பறந்துவிடும். 1300 டிகிரிக்கு மேல் சூடான குழாயில் போட்டால் இறகு வாயுவாகி, நிறை நிறமாலைமானிக்குள் போய், கன ஹைட்ரஜனும் சாதா ஹைட்ரஜனும் பிரியும். இதில் ஒரு பொறி உண்டு. கெரட்டினில் உள்ள ஹைட்ரஜனில் பத்து முதல் இருபது சதவீதம்வரை அறைக் காற்றின் ஈரத்தோடு இடம் மாற்றிக்கொள்ளும். சென்னை மாதிரி வியர்த்துக் கொட்டும் ஊரில் திறந்து வைத்த இறகும், ராஜஸ்தானில் திறந்து வைத்த இறகும் ஒன்றாகாது. இதைச் சமாளிக்க, அளவு ஏற்கெனவே தெரிந்த கெரட்டின் தூளை, அதாவது கரிபு மானின் குளம்பையும் குடு மானின் கொம்பையும் அரைத்த தூளை, இறகோடு ஒரே மேசையில் பல நாள் காற்றாட வைத்து, ஒன்றாகவே ஓட்டி ஒப்பிடுகிறார்கள். பழைய கட்டுரைகளின் எண்களையும் புதியவற்றையும் நேரடியாக ஒப்பிட முடியாமல் போவதற்கு இந்த மேசை விவகாரமும் ஒரு காரணம்.

நம் வட்டாரத்தில் இந்த முறை பலன் தந்த மிக அழகான சந்தர்ப்பம் ஒரு பறவையைப் பற்றியதே அல்ல, தும்பியைப் பற்றியது. அக்டோபரில் சென்னை மைதானங்களின் மேல் மஞ்சளும் சிவப்புமாகக் கூட்டம் கூட்டமாகப் பறக்குமே, அந்த உலகம் சுற்றும் தட்டான். மாலத்தீவில் நன்னீர் மிகக் குறைவு, ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் வாக்கில் லட்சக்கணக்கில் தட்டான்கள் வந்து குவிகின்றன. அங்கே வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன், இவை இந்தியாவிலிருந்து காற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கடல் தாண்டுகின்றன என்று 2009-இல் எழுதினார். 2012-இல் அவரும் ஹாப்சனும் வாசனாரும் சேர்ந்து அந்தத் தட்டான்களின் சிறகில் ஹைட்ரஜனைப் பார்த்தார்கள். அது மாலத்தீவு நீரோடும் பொருந்தவில்லை, தென்னிந்திய நீரோடும் பொருந்தவில்லை. வட இந்தியாவையும் அதற்கு வடக்கேயும் சுட்டியது. தட்டான் வாழ்நாளில் ஒரு முறைதான் சிறகு விரிக்கும், உதிர்த்து மாற்றும் பேச்சே இல்லை என்பதால் இங்கே விடை தெளிவாக இருந்தது. அதே காலத்தில் அதே காற்றில் அரபிக்கடலைத் தாண்டும் அமூர் வல்லூறு வழியில் இந்தத் தட்டான்களைத் தின்றுகொண்டு போகிறது என்பது ஆண்டர்சனின் ஊகம். அமூர் வல்லூறின் இறகுகளையும் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இதே முறையில் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். அந்த வல்லூறுக்குக் கருவியும் கட்டியாயிற்று, இறகும் பார்த்தாயிற்று என்பதால் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம்.

தொலைதூர விருந்தாளிகளை விட்டுவிட்டு, ராஜா அண்ணாமலைபுரத்துச் சொந்தக்காரர்களைப் பார்த்தால் விஷயம் வேறு விதமாகச் சுவைக்கிறது. சென்னைக் குழாயில் வருவது எந்த ஊர் நீர்? காவிரி வழியாக வீராணம், ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா, உள்ளூர் மழை பிடித்த ஏரிகள், 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள். உப்பு நீக்கிய கடல் நீரின் ஐசோடோப்பு அளவு கடலோடு கிட்டத்தட்ட ஒன்றுதான். மொட்டை மாடித் தொட்டியில் குடிக்கும் புறாவின் இறகில் இந்தக் கலவையின் சாயல் இருக்கும். அமெரிக்காவில் மனிதர்களின் தலைமுடியைக் கொண்டு அவர்கள் குடித்த குழாய் நீர் எந்தப் பகுதியினுடையது என்று 2008-இல் காட்டியிருக்கிறார்கள். எங்கள் தெருக் காகத்தின் இறகை அனுப்பிப் பார்க்க வேண்டும் என்ற சபலம் எனக்கு உண்டு.

நைட்ரஜன் இன்னும் நேரடியாகப் பேசும். கழிவுநீர் கலந்த ஆற்றில் கன நைட்ரஜனின் பங்கு உயர்ந்து, பாசியிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து வக்காவுக்கும் ஏறும். உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படிக்கும் ஆயிரத்துக்கு மூன்று நான்கு பங்கு கூடும் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும். பூங்காவில் கூடு கட்டிய வக்காக் குஞ்சின் இறகையும் வேடந்தாங்கல் குஞ்சின் இறகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அடையாற்றில் எவ்வளவு சாக்கடை உணவாக மாறுகிறது என்று அறியலாம். ஆறு சுத்தமாகிறதா என்பதற்கு ஆண்டுதோறும் எடுக்கக்கூடிய மலிவான அளவுகோல் அது. வலசைப் புதிர்களைவிட இதைத்தான் சென்னை முதலில் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. பறவை எங்கே பிறந்தது என்பது இதில் ஏற்கெனவே தெரியும், சந்தேகத்துக்கு இடமில்லை.

அப்படித் தெரிந்த இடத்து இறகுகள் சேர்ந்தால்தான் தெரியாத இடத்து இறகைப் படிக்கவும் முடியும். 2020-இல் காந்திநகரில் நடந்த வலசை உயிரினங்கள் மாநாட்டில் மத்திய ஆசிய வான்பாதைப் பாதுகாப்பில் இந்தியா முன்னணிப் பங்கு எடுத்துக்கொண்டது. அந்தப் பாதையின் மாதிரிகளைச் சேர்க்க இந்த நாடு பொருத்தமான இடம்தான். அனுமதி விஷயம் சுலபமல்ல. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி பறவையைப் பிடிக்கவும் மாதிரி எடுக்கவும் வனத்துறை ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால் 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் வந்துவிடும், அதை நிர்வகிக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் தரமணியில்தான் இருக்கிறது. இந்தியாவிலேயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், அகமதாபாத் ஆய்வகம் போன்ற இடங்களில் ஐசோடோப்பை அளக்கும் வசதி இருப்பதால் எல்லாவற்றுக்கும் கடல் தாண்ட வேண்டிய அவசியம் இல்லை.

கோடியக்கரையில் வளையமிடுகிறவர்கள் பறவையைக் கையில் பிடித்திருக்கும் அந்த ஒரு நிமிஷத்திலேயே இறகின் நுனியை நறுக்கிக்கொள்ளலாம். பறவைக்கு நகம் வெட்டியதற்கு மேல் வலி இல்லை. காகித உறையில் போட வேண்டும், பிளாஸ்டிக் கூடாது, ஈரம் தங்கும். உறையின் மேல் இனம், வயது, தேதி, இடம், சிறகில் எத்தனையாவது இறகு, அது பழையதா புதிதாக முளைத்ததா என்று எழுத வேண்டும். கடைசி இரண்டும் இல்லாத உறையை ஆய்வகத்துக்கு அனுப்புவது தண்டச் செலவு.